அட்வான்ஸ் எங்கே போச்சு?



2020 ஜூன் மாதம், கொரோனா ஊரடங்குக் காலம். வேளச்சேரியில் எங்களுக்குத் தெரிந்த ஒரு அம்மா. கணவர் காலமாகிவிட்டார். கீழே அவர் இருக்கிறார்; மாடி போர்ஷனை வாடகைக்கு விட்டிருந்தார். மாதம் 15,000 ரூபாய். குடியிருந்த ஐடி கம்பெனிப் பையன், வீட்டிலிருந்தே வேலை என்றானதும் ஊருக்குப் போனவன், ஒருநாள் போன் செய்தான். "ஆன்ட்டி, காலி பண்ணிக்கிறேன். அட்வான்ஸை அக்கவுண்ட்ல போட்டுடுங்க."

பத்து மாத அட்வான்ஸ். ஒன்றரை லட்சம். அந்தப் பணம் பேங்கில் இல்லை. மாடி பாத்ரூமில் டைல்ஸாக ஒட்டிக்கொண்டிருந்தது.

சென்னையில் இது ஊரறிந்த கணக்கு. போகிறவருக்கு அட்வான்ஸைத் திருப்பிக் கொடுப்பது வருகிறவருடைய அட்வான்ஸில்தான். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகை என்றுதான் பேசுகிறது. பழைய வழக்கம் அவ்வளவு சீக்கிரம் விட்டுவிடுமா? ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டிருந்தவரை யாருக்கும் தொந்தரவில்லை. ஊரடங்கில் போகிறவர் மட்டும் இருந்தார், வருகிறவர் இல்லை.

அரசு சும்மா இருக்கவில்லை. 2020 மார்ச் 29ஆம் தேதி மத்திய உள்துறை ஓர் உத்தரவு போட்டது. தொழிலாளர்களிடம் ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கக் கூடாது; அவர்களையோ மாணவர்களையோ வீட்டை விட்டு வெளியேற்றினால் நடவடிக்கை. நியாயமான உத்தரவுதான், நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த வாடகையை நம்பியே அடுப்பு எரிகிற வீட்டுக்காரர்களும் உண்டு என்பது அதில் எங்கும் இல்லை.

கடன் வாங்கி ஃப்ளாட் வாங்கிப் போட்டு, வாடகையை வைத்தே தவணை கட்டியவர்களுக்கு ரிசர்வ் வங்கி வழி சொன்னது. மார்ச்சிலிருந்து மூன்று மாதம், பிறகு ஆகஸ்ட் வரை இன்னும் மூன்று மாதம் தவணை கட்டாமல் இருக்கலாம். தள்ளுபடி என்று பலர் சந்தோஷப்பட்டார்கள். தள்ளுபடி இல்லை, தள்ளிவைப்புதான். 30 லட்சம் கடன், 8 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாத வட்டி மட்டும் 20,000. ஆறு மாதத்துக்கு 1,20,000 ரூபாய் அசலோடு போய் உட்கார்ந்துகொள்ளும். வட்டிக்கு வட்டி வாங்கக் கூடாது என்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வட்டியையே ரத்து செய்ய மறுத்துவிட்டது.

கடைகளுக்கும் இதே கதைதான். டெல்லி கான் மார்க்கெட்டில் கடை வைத்திருந்த ஒருவர், ஊரடங்குக் கால வாடகையை நிறுத்திவைக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2020 மே மாதம் தீர்ப்பு வந்தது. கடையைக் கையில் வைத்திருக்கிறீர்கள், வாடகை கொடுத்தாக வேண்டும், கட்டக் கொஞ்சம் அவகாசம் தருகிறோம் என்றது நீதிமன்றம்.

கோர்ட்டுக்குப் போகாதவர்களோ தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள் என்றார் ஒருவர். பாதி வாடகை போதும், காலி மட்டும் செய்யாதீர்கள் என்றார் இன்னொருவர். பூட்டிய வீட்டில் கரையான்தான் குடிவரும் என்பது அவருக்குத் தெரியும்.

வேளச்சேரி அம்மா வளையலை அடகு வைத்து 50,000 அனுப்பினார். மீதியை மாதம் பத்தாயிரமாகத் தருகிறேன் என்றார். பையனும் சரி என்றான். டு-லெட் போர்டு தொங்கிக்கொண்டே இருந்தது. பொங்கலுக்குப் பிறகு ஒரு குடும்பம் வந்து வீட்டைப் பார்த்தது. எவ்வளவு அட்வான்ஸ் என்று கேட்டார்கள். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "மூணு மாசம் கொடுங்க, போதும்" என்றார்.