கிணற்று நீரும் வர்த்தமானியும்

(பொதுக்கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவு)



யாழ்ப்பாணத்து மண்ணில் வற்றாத ஆறில்லை. சுண்ணாம்புக் கற்பாறையில் தேங்கும் மழைநீரே நமக்குக் குடிநீர். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் பாய்வதும் அதுவே. ஆதலால், கிணறு கெடும் என்று எவர் சொன்னாலும் நம் நெஞ்சு துணுக்குறும். அவ்வச்சம் நியாயமானது. அந்த நியாயமான அச்சத்தைப் பற்றிக்கொண்டுதான் 2020 ஆம் ஆண்டில் ஒரு பெரும் பொய் இந்நாட்டில் சட்டமாயிற்று.

கொரோனா நோயால் இறந்தோரைப் புதைத்தால் கிருமி நிலத்தடி நீரிற் கலக்கும் என்றனர். ஏப்ரில் 11 இல் வந்த வர்த்தமானி, எரித்தல் ஒன்றே வழியென்றது. உலக சுகாதார ஸ்தாபனமோ புதைத்தலும் எரித்தலும் தகும் என்று முன்னரே அறிவித்திருந்தது. முஸ்லிம் மக்களின் சடலங்கள் உறவினரின் கண்ணீரையும் பொருட்படுத்தாது எரிக்கப்பட்டன.

இக்கிருமி உயிருள்ள கலத்தினுள் மாத்திரமே பெருகும். அது மூச்சின் வழியே பரவுவது. நீரின் வழியே பரவும் வாந்திபேதியன்று. இந்நாட்டிற் பிறந்த கிருமியியல் அறிஞர், பேராசிரியர் மலிக் பீரிசு இதனைத் தெளிவாகச் சொன்னார். நோயாளர் உயிரோடிருக்கையில் அவர்தம் மலத்திலும் கிருமியின் கூறு வெளிப்பட்டது. வைத்தியசாலை மலக்குழிகளை மூடும்படி எந்த வர்த்தமானியும் வரவில்லையே! பிணத்துக்கு அஞ்சியவர் மலக்குழிக்கு அஞ்சாத விந்தையை என்னென்பது?

அதே ஆண்டு டிசெம்பரில், கேகாலையில் ஒருவர் தேனும் சாதிக்காயும் கலந்த பாணியைக் காளியின் அருளென்று வழங்க, ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்து நின்றனர். அதனைப் பகிரங்கமாக அருந்திய சுகாதார மந்திரி பவித்திரா வன்னியாராச்சிக்கே அடுத்த மாதம் நோய் கண்டது. பாணியைக் கண்டு சிரித்தோர் பலர். புதைப்புப் பொய்யைக் கண்டு சிரிக்க எவரும் துணியவில்லை. அது நிபுணர் குழு என்னும் சட்டை அணிந்திருந்தது. இலங்கை மருத்துவச் சங்கம் புதைக்கலாம் என்று கூறியது 2021 ஜனவரியில். இங்கு அமர்ந்திருக்கும் வைத்தியர்களையும் ஆசிரியர்களையும் வழக்கறிஞர்களையும் கேட்கிறேன்: அதுவரை நீங்கள் உங்கள் ஊரில் யாருக்கு எடுத்துச் சொன்னீர்கள்?

கமக்காரருக்கும் ஒன்று சொல்வேன். நம் கிணறுகளைக் கெடுத்தது பிணமன்று. அளவுக்கு மிஞ்சி இட்ட உரத்தின் நைத்திரேற்றும், கிணற்றருகே வெட்டிய மலக்குழியுமே கெடுத்தன. சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவெண்ணெய் கெடுத்தது; 2019 இல் உயர் நீதிமன்றம் அதற்கு நட்டஈடு விதித்தது. அந்த நீருக்காக எவர் அவசர வர்த்தமானி வெளியிட்டார்?

2021 பெப்ரவரியிற் பொத்துவிலிலிருந்து பொலிகண்டிவரை சென்ற பேரணியில் முஸ்லிம் சகோதரரும் நம்மோடு நடந்தனர். எரிப்பை நிறுத்துக என்பதும் அதன் கோரிக்கை. அம்மாத இறுதியிற் தடை நீங்கியது. உடனே அரசாங்கம் புதைகுழிக்குத் தெரிந்தெடுத்த இடம் எது? நெடுங்கால இடப்பெயர்வின் பின் 2018 இலேதான் தமிழ் மீனவர் மீண்டு வந்த இரணைதீவு! தமிழ் பேசும் இரு சமூகங்களையும் மோதவிடும் சூழ்ச்சியென்றே நான் கொள்வேன். தீவு மக்கள் எதிர்த்தனர். மார்ச்சு மாதத்தில் ஓட்டமாவடியிற் புதைப்புத் தொடங்கிற்று.

2024 ஜூலையில் மந்திரிசபை மன்னிப்புக் கேட்டது. எந்த ஆதாரத்தின்மேல் அந்த நிபுணர் குழு எரிக்கச் சொன்னதோ, அதன் கூட்டக் குறிப்புகள் யாவற்றையும் மூன்று மொழிகளிலும் வெளியிடும்படி நம் பாராளுமன்ற உறுப்பினர் கேட்டாக வேண்டும்.