சோபா வருவதற்கு முன்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பராமரிப்புக் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆடித் தள்ளுபடி தொடங்கிவிட்டது. போன வருடம் இதே ஆடி, ஆவணி இரண்டு மாதமும் செக்யூரிட்டி பதிவேட்டைப் புரட்டினால் வாரத்துக்கு மூன்று நான்கு ஃபர்னிச்சர் வண்டிகள். வீட்டுக்குப் புதுப் பொருள் வருவது சந்தோஷமான விஷயம்தான். ஆனால் அது கடையிலிருந்து நம் தெரு வரை வருவதற்குப் படும் பாட்டைவிட, கேட்டிலிருந்து உங்கள் ஹாலுக்கு வருவதற்குப் படும் பாடு அதிகம். அதைப் பற்றித்தான் கொஞ்சம் பேசப் போகிறேன்.

முதல் வேலை அளவெடுப்பது. எல்லோரும் அளவெடுக்கிறோம், ஹாலை மட்டும். சோபா நிற்கப் போகும் இடத்தை அளந்துவிட்டு, அது வரப்போகும் வழியை விட்டுவிடுகிறோம். டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டிலிருந்து ஆரம்பியுங்கள்.

உங்கள் வாசல் கதவு மூன்றரை அடி என்று பில்டர் கொடுத்த வரைபடத்தில் இருக்கும். அதாவது 42 அங்குலம். அது நிலைச்சட்டத்தையும் சேர்த்த கணக்கு. சட்டம் போக நம் பிளாட்களில் கிடைப்பது 37 அங்குலம். கதவு சுவரில் இடித்து நேராக மட்டுமே திறக்கிறது என்றால் கதவுப் பலகையின் கனம் இன்னும் ஒன்றரை அங்குலத்தைத் தின்றுவிடும். வெளியே கிரில் கேட் போட்டவர்கள் அதையும் கழித்துக்கொள்ளுங்கள். படுக்கையறைக் கதவில் இதே கணக்குப் போட்டால் 31 அங்குலம்தான் மிஞ்சும். கடைக்காரர் "எல்லா வீட்டுக்கும் போகும் சார்" என்பார். அவர் உங்கள் வீட்டைப் பார்த்ததில்லை.

சோபாவுக்கு நீளம், உயரம், ஆழம் என்று மூன்று அளவு கொடுப்பார்கள். நாலாவதாக ஒன்று கேட்டு வாங்குங்கள். சோபாவைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். முதுகின் உச்சியிலிருந்து கைப்பிடியின் முன் நுனி வரை ஒரு குச்சியைச் சாய்த்து வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கக் கீழ் மூலையிலிருந்து அந்தக் குச்சிக்கு உள்ள நேர் தூரம்தான் அந்த நாலாவது அளவு. 36 அங்குல ஆழமுள்ள சோபா பலவற்றில் இது 33 அங்குலம் அளவில் வரும். சாய்த்துத் திருப்பிக் கொண்டுபோகும்போது கதவைத் தாண்டுமா தாண்டாதா என்பதை இந்த அளவுதான் முடிவு செய்கிறது. கால்களைக் கழற்ற முடியுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு அங்குலம் அதில் கிடைக்கும்.

இப்போது லிஃப்ட். நம்முடையது 8 பேர் லிஃப்ட். ஆளுக்கு 68 கிலோ கணக்கில் 544 கிலோ தாங்கும். ஆகவே எடை பெரும்பாலும் பிரச்சினை இல்லை, இடம்தான் பிரச்சினை. உள்ளே 130-க்கு 110 சென்டிமீட்டர், கதவு 80 சென்டிமீட்டர் அகலம், 200 சென்டிமீட்டர் உயரம். மூன்று பேர் உட்காரும் சோபா 7 அடி இருந்தால் 213 சென்டிமீட்டர். நிமிர்த்தினாலும் தலை இடிக்கும். அது படியில்தான் ஏற வேண்டும். பிரித்து அட்டைப் பெட்டிகளில் வரும் வார்ட்ரோப், டைனிங் டேபிள், கட்டில் எல்லாம் லிஃப்டில் போகட்டும். ஒரே ஒரு வேண்டுகோள்: கதவு மூடாமலிருக்க அட்டைப் பெட்டியை இடையில் செருகி வைக்காதீர்கள். கதவு மோதி மோதித் திறந்து, கடைசியில் லிஃப்ட் நின்றுவிடும். மெக்கானிக் வரும்வரை எல்லோரும் படியில்தான்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், போன மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை நடந்ததை உங்களில் பலர் பார்த்தீர்கள். பி பிளாக்கில் லிஃப்ட் பெட்டிகளோடு மூன்றாவது மாடியில் நின்றுவிட்டது. அதே நேரம் இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒரு சோபா குறுக்கே மாட்டிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. நான்காவது மாடியில் இருக்கும் பெரியவர் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் போகிறவர். அன்று அவருடைய முறை. மனைவி பையைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவர் படியிலேயே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அந்தச் சோபாவை வாங்கியவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. லிஃப்டும் படியும் ஒரே நேரத்தில் அடைபடக் கூடாது என்று அதுவரை சங்கம் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. இப்போது சொல்கிறோம். பெரிய பொருள் படியில் ஏறும்போது லிஃப்ட் காலியாக இருக்க வேண்டும். லிஃப்டில் பெட்டிகள் போகும்போது படியில் எதுவும் இருக்கக் கூடாது. உங்கள் பிளாக்கில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், கர்ப்பிணி, சக்கர நாற்காலியில் இருப்பவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். முதல் நாளே அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி நேரம் சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டால் போதாது, பெரியவர்கள் பார்ப்பதில்லை.

வண்டி விஷயம் சுருக்கமாக. குட்டி யானை உள்ளே வரும். பெரிய கண்டெய்னர் வண்டி நம் ஸ்டில்ட் பார்க்கிங்கில் நுழையாது, தெருவில்தான் நிற்கும். எந்த வண்டி என்று கடையில் கேட்டு செக்யூரிட்டியிடம் சொல்லுங்கள்.

வீட்டுக்குள் என்ன செய்யலாம்? வாசலில் இருக்கும் செருப்பு ஸ்டாண்டு, துளசித் தொட்டி, குழந்தையின் சைக்கிள், எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஹாலில் பழைய ஜமுக்காளம் அல்லது அட்டையை விரித்தால் டைல்ஸ் தப்பும். தொங்கும் விளக்கு, ஃபேன் இவற்றைக் கவனியுங்கள். நிமிர்த்திப் பிடித்த கட்டில் பலகை ஃபேன் இறக்கையில் மோதுவது அடிக்கடி நடப்பது. ஃபேனை நிறுத்திவிடுங்கள். குழந்தைகளை ஓர் அறையில் உட்கார வையுங்கள். அந்த ஒரு மணி நேரம் கார்ட்டூன் பார்த்தால் ஒன்றும் கெட்டுப்போகாது.

சுமக்கிற தம்பிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களுக்கு அன்று உங்கள் வீடு ஐந்தாவதோ ஆறாவதோ. எத்தனையாவது மாடி, லிஃப்டில் போகுமா போகாதா என்பதை ஆர்டர் கொடுக்கும்போதே சொன்னால் கடை இரண்டு பேருக்குப் பதில் நான்கு பேரை அனுப்பும். மாடிக்கூலி யார் தருவது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். சோபாவைத் தோளில் வைத்துக்கொண்டு படியில் நிற்பவனிடம் கூலி பேரம் பேசுவது நன்றாக இல்லை. தண்ணீர் கொடுங்கள். கழிப்பறை கேட்டால் காட்டுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் பிரித்துப் பாருங்கள். நேரமில்லை என்று அவசரப்படுத்தினால் ரசீதிலேயே "பிரித்துப் பார்க்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டு, அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கீறலோ உடைப்போ இருந்தால் அவர்கள் எதிரிலேயே படம் எடுங்கள். கடை மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

உயரமான வார்ட்ரோபையும் இழுப்பறை அலமாரியையும் சுவரோடு பிடித்து ஆணியடிக்கச் சொல்லுங்கள். அதற்கான சிறிய இரும்புப் பட்டை பெரும்பாலும் பெட்டியிலேயே வரும், அதை ஓரமாக வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். குழந்தை கீழ் இழுப்பறையில் ஏறி நின்றால் அலமாரி அப்படியே முன்னால் சாயும். சுவரில் துளை போடும்போது ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் வேண்டாம், வயர் அங்கேதான் ஓடும். பாத்ரூம் பக்கச் சுவரில் தண்ணீர்க் குழாய் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் மேற்குச் சுவர்கள் ஓதம் காண்பவை. மரத்தூள் பலகையில் செய்த அலமாரி ஈரம் பட்டால் ஊதிவிடும். பின்னால் இரண்டு விரல் இடைவெளி விட்டு நிறுத்தச் சொல்லுங்கள்.

பழைய சோபா, மெத்தையை மொட்டைமாடியிலோ படிக்கட்டு அடியிலோ வைக்காதீர்கள். தீப்பிடித்தால் எல்லோரும் ஓட வேண்டிய வழி அது. மாநகராட்சியின் 1913 எண்ணில் அழைத்து எடுத்துப்போகும் ஏற்பாட்டைக் கேளுங்கள். அட்டையும் தெர்மோகோலும் அன்று மாலைக்குள் கீழே இறங்கிவிட வேண்டும்.

லிஃப்ட் சுவரில் கட்டுவதற்குச் சங்கம் நான்கு கனமான போர்வைகள் வாங்கி வைத்திருக்கிறது. செக்யூரிட்டி அறையில் கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள், வேலை முடிந்ததும் மடித்துத் திருப்பிக் கொடுங்கள். டெலிவரி நேரம் காலை 10 முதல் மாலை 5 வரை. ஒரு பிளாக்கில் ஒரு நேரத்தில் ஒரு வீட்டுக்குத்தான். பதிவு நோட்டு இன்றிலிருந்து கேட்டில் இருக்கும்.