கத்தியில்லாத சத்திரசிகிச்சை
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எங்கள் வகுப்பின் சார்பில் ஓர் உரை வேண்டும் என்று சங்கத்தினர் கேட்டபோது, பழைய நினைவுகளைப் பேசலாம் என்றுதான் முதலில் எண்ணினோம். பிறகு, எங்களுக்குக் கணிதம் படிப்பித்த ரீச்சருக்கு வந்த நோயைப் பற்றிப் பேசுவதென முடிவு செய்தோம். அவரிடம் கேட்டுவிட்டே பேசுகிறோம். பெயரை மட்டும் சொல்ல வேண்டாம் என்றார்.

ரீச்சர் 2009 இல் முள்ளிவாய்க்கால் வரை போய், பின்பு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்கு வந்து சேர்ந்தவர். ஊர் திரும்பிச் சில ஆண்டுகளில் அவருடைய இடது காது மந்தமாகத் தொடங்கியது. “அது ஷெல் சத்தத்திலை போன காது பிள்ளையள்” என்பார். நாங்களும் நம்பினோம். வன்னியில் அப்படிச் சொல்பவரை யார்தான் மறுத்துப் பேசுவார்கள்? ஆனால் ஒன்றை நாங்கள் யோசிக்கவில்லை. வெடிச் சத்தத்தால் பழுதான காது பெரும்பாலும் அன்றே பழுதாகிவிடும். ரீச்சரின் காதோ ஆண்டுக்காண்டு கூடக்கூட மந்தமானது. காதுக்குள் இரைச்சல் இருந்தது. இருட்டில் நடக்கும்போது தடுமாறினார். எங்களுள் தாதியாக இருப்பவள்தான், “ரீச்சர், ஏன் எப்பவும் வலது காதிலேயே போனை வைக்கிறீங்கள்?” என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் எம்.ஆர்.ஐ. பரிசோதனை வரை கொண்டுபோனது. செவிநரம்பிலே பாக்களவில் ஒரு கட்டி இருந்தது. புற்றுநோய் அல்ல, மெல்ல வளரும் சாதாரணக் கட்டி. ஆனால் இருந்த இடம் சாதாரணமானதல்ல.

மண்டையோட்டின் அடித்தளம் என்பது மூளை அமர்ந்திருக்கும் எலும்புத் தட்டு. அதிலுள்ள சிறு துவாரங்கள் வழியாகத்தான் பார்வை, செவிப்புலன், முக அசைவு, விழுங்குதல் ஆகியவற்றுக்கான நரம்புகளும், மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாடிகளும் போகின்றன. அருகிலேயே மூளைத்தண்டு. அந்த இடத்தில் கத்தி வைப்பது எத்தனை கடினம் என்பதை விளக்கத் தேவையில்லை.

இந்த இடத்துக்குத்தான் கதிர்வீச்சுச் சத்திரசிகிச்சை பெரிதும் உதவுகிறது. பெயரில் சத்திரசிகிச்சை இருந்தாலும் வெட்டுவதில்லை, தைப்பதில்லை. பல திசைகளிலிருந்து மெல்லிய கதிர்களைச் செலுத்துகிறார்கள். தனித்தனியே ஒவ்வொரு கதிரும் வலுக்குறைந்தது. எல்லாம் சந்திக்கும் புள்ளியில் மட்டும் வலு மிகுகிறது. அந்தப் புள்ளியில் கட்டி இருக்கும். சுவீடன் நாட்டு நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் லார்ஸ் லெக்செல் 1951 இல் இந்த எண்ணத்தை வெளியிட்டார். அவருடைய காமா கத்தி பின்னர் அதிலிருந்து பிறந்தது. தலை அசையாதிருக்க மண்டையோட்டில் திருகாணிகளால் ஒரு சட்டத்தைப் பொருத்துவார்கள். அதை நாள்தோறும் பொருத்திக் கழற்றுவது இலகுவல்ல. ஆகவே முழு அளவையும் ஒரே நாளில் கொடுப்பதே வழக்கமாயிற்று.

ஆனால் கட்டி பார்வை நரம்பை ஒட்டியிருந்தால் என்ன செய்வது? ஒரே தடவையில் அந்த நரம்பு தாங்கக்கூடியது சுமார் 8 முதல் 10 கிரே வரைதான். (கிரே என்பது கதிர்வீச்சின் அளவு.) கட்டியை அடக்க அதைவிடக் கூடுதலாக வேண்டும். இதற்கு விடைதான் பிரித்துக் கொடுத்தல். 5 நாட்களில், நாளுக்கு 5 கிரேயாக, மொத்தம் 25 கிரே கொடுக்கலாம். இடைப்பட்ட நேரத்தில் நல்ல கலங்கள் தம்மைத் திருத்திக்கொள்கின்றன. கட்டிக்கு அந்தத் திறன் குறைவு. குளத்து நீரை ஒரேயடியாகத் திறந்துவிட்டால் வாய்க்கால் கரை உடையும். முறைவைத்து விட்டால் வயலும் நனையும், கரையும் நிற்கும். இரணைமடுத் தண்ணீரில் வளர்ந்த நமக்கு இது விளங்கும். லெக்செலிடம் பயின்ற ஜோன் அட்லர் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட்டில் உருவாக்கிய சைபர் கத்தி, திருகாணிச் சட்டத்துக்குப் பதிலாக முகமூடியையும், படம் பிடித்துப் பிடித்து இடத்தைச் சரிபார்க்கும் முறையையும் கொண்டுவந்தது. பிரித்துக் கொடுப்பது அதனால் இலகுவாயிற்று.

ரீச்சருக்குச் சென்னையில் 5 நாட்கள் சிகிச்சை நடந்தது. செவிநரம்புக் கட்டிக்கு ஒரே நாளா, பல நாட்களா என்பதில் நிபுணர்களிடையே இன்னும் ஒரே கருத்து இல்லை. ரீச்சரின் கட்டி மூளைத்தண்டுக்கு நெருங்கியிருந்ததால் பிரித்துக் கொடுத்தார்கள். முகத்தின் அச்சிலே செய்த வலை முகமூடியுடன் ஒவ்வொரு நாளும் படுத்திருப்பார். மயக்கமருந்து இல்லை, வலி இல்லை. “பரீட்சை மண்டபத்திலை இருந்த மாதிரி அசையாமல் இருந்தன்” என்றார்.

ஒளிக்காமல் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இச்சிகிச்சையால் கட்டி மறைந்துவிடுவதில்லை; வளர்ச்சி நிற்கிறது. இவ்வகைக் கட்டிகளில் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு அது நிற்கிறது. முதலில் சற்று வீங்கவும் கூடும். பல ஆண்டுகள் தொடர்ந்து எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டும். போன செவிப்புலன் திரும்புவதில்லை. கட்டி பெருத்து மூளைத்தண்டை அழுத்திவிட்டால் இந்த வழியும் போதாது, கத்திதான் வேண்டும். ரீச்சர் இன்னும் சில ஆண்டுகள் ஷெல்லையே குறை சொல்லியிருந்தால் அந்த நிலைதான் வந்திருக்கும்.

ஆகவே தங்கைமாரே, ஒரு காது மட்டும் மந்தமானால், ஒரு காதில் மட்டும் விடாது இரைந்தால், முகத்தின் ஒரு பக்கம் விறைத்தால், பொருள்கள் இரண்டாகத் தெரிந்தால், பக்கப் பார்வை குறைந்தால், பிள்ளை பெறாமலே பால் சுரந்து மாதவிடாய் நின்றால், போரையும் வயதையும் காரணம் காட்டி இருந்துவிடாதீர்கள். பெரும்பாலானவர்களுக்குக் கட்டியாக இராது. இருந்தாலும் வைத்தியரிடம் கேளுங்கள்.

இனி எங்கள் வேண்டுகோள். ரீச்சருக்கு மிகவும் கடினமாக இருந்தது இயந்திரத்தின் கீழே படுத்த நேரம் அல்ல. பாஷை ஒன்றானாலும் தெரியாத ஊர், தங்குமிடம், கூட வர ஓர் ஆள், பணம் – இவைதான். கொழும்பில் பிரயாண ஒழுங்குகளைப் பார்த்தவரும், சென்னையில் அறை கொடுத்தவரும், கனடாவிலிருந்து காசு அனுப்பியவரும் எங்கள் வகுப்புப் பிள்ளைகள். ஆனால் வகுப்பு நண்பிகள் இல்லாத ஒரு தாய் என்ன செய்வாள்?

2011 இல் தெவிநுவரவிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாட்கள் நடந்து சேர்த்த பணத்தில்தான் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. அத்தனை பெரிய காரியத்தை நாம் கேட்கவில்லை. மகரகமவிலோ சென்னையிலோ சிகிச்சைக்குப் போகும் ஒருவருக்கு ஐந்து இரவு தங்க இடம், கூடப் போக ஒருவர், எம்.ஆர்.ஐ. எடுக்கச் சிறு உதவி: இவற்றுக்கென நமது சங்கத்தில் ஒரு நிதியையும், உதவக்கூடியவர்களின் பெயர்ப் பட்டியலையும் இந்த நூற்றாண்டில் தொடங்குவோம். முதற் பங்கை எங்கள் வகுப்பு இன்று தருகிறது.

ரீச்சர் முன்வரிசையில், எங்கள் குரல் அவரது வலது காதுக்குக் கேட்கும் பக்கமாகப் பார்த்து அமர்ந்திருக்கிறார். கணக்குப் பிழைத்தால் இப்போதும் திருத்துவார்.