தப்பான விடையையும் படிப்போம்

(ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குப் பல வருடங்கள் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், சங்கத்தின் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கணக்கு பற்றிப் பேச வேண்டும் என்று கேட்ட நமது செயலாளர், "நூற்றுக்கு நூறு வாங்குவது எப்படி என்று சொல்லுங்கோ மாமி" என்றும் சேர்த்துக் கொண்டார். அதைச் சொல்லித் தர ஒவ்வொரு ஊரிலும் தெருவுக்கு இரண்டு கோச்சிங் சென்டர் இருக்கிறது. நான் பேச வந்தது, எட்டாவது வரை சுமாராகப் போய்க் கொண்டிருந்து, ஒன்பதாம் வகுப்பில் திடீரென்று முப்பத்தெட்டு மார்க்குடன் வந்து நிற்கிற குழந்தையைப் பற்றி.

நம் அகங்களில் ஒரு நம்பிக்கை உண்டு. கணக்கு நம் ரத்தத்தில் ஓடுகிறது என்பது அது. தாத்தா அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீஸ், மாமா ஆக்சுவரி, அத்தை பாங்க். உடனே கும்பகோணத்து ராமானுஜன் பேச்சில் வந்துவிடுவார். அந்த ராமானுஜனே மற்றப் பாடங்களில் தவறி, எஃப்.ஏ. தேறாமல் நின்றவர் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. "நம்மாத்துல கணக்கு வராத குழந்தையா?" என்று கூடத்தில் ஒருவர் சொன்னால், அடுத்த அறையில் இருக்கும் பதினாலு வயசுக் குழந்தை காதில் அது விழுகிறது. தான் ஒரு மக்கு என்று அது அன்றைக்கே தீர்மானம் செய்து கொள்கிறது. அதற்குப் பிறகு நான் என்ன கரடியாகக் கத்தினாலும் அந்தத் தீர்ப்பை மாற்றுவது கஷ்டம்.

அந்த முப்பத்தெட்டு மார்க் விடைத்தாளை வாங்கி, சரியான விடைகளை விட்டுவிட்டுத் தப்பானவற்றை மட்டும் நிதானமாகப் படியுங்கள். முக்கால்வாசித் தப்பு கவனக்குறைவால் வருவதல்ல. அவற்றுக்கு ஒரு காரணம் இருக்கிறது, அநேகமாக ஒரே காரணம் திரும்பத் திரும்ப வரும்.

ஏ கூட்டல் பி, முழுவதற்கும் வர்க்கம் போடு என்றால், குழந்தை ஏ வர்க்கம் கூட்டல் பி வர்க்கம் என்று எழுதும். 9 கூட்டல் 16க்கு வர்க்கமூலம் கேட்டால், 3 கூட்டல் 4, ஆக 7 என்று எழுதும். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்று எழுதும். பார்க்க மூன்று தப்பு, உண்மையில் ஒன்றுதான். அடைப்புக்குறிக்கு வெளியே 2 இருந்தால் உள்ளே இருக்கும் இரண்டுக்கும் பிரித்துக் கொடு என்று ஆறாவது, ஏழாவதில் நாம்தானே சொல்லித் தந்தோம்? எதையும் அப்படிப் பிரித்துக் கொடுக்கலாம் என்று குழந்தை எடுத்துக் கொண்டுவிட்டது. முட்டாள் இப்படி யோசிக்க மாட்டான். கிடைத்த ஒரு விதியை எல்லா இடத்திலும் பொருத்திப் பார்க்கிற மூளை அது.

இதற்கு "ஃபார்முலாவை நூறு தடவை எழுது" என்பது மருந்தல்ல. எழுத்தை எடுத்துவிட்டு எண்ணைப் போடச் சொல்லுங்கள். பத்தும் மூன்றும் சேர்ந்தால் பதிமூன்று. பதிமூன்றின் வர்க்கம் 169. நூறும் ஒன்பதும் சேர்ந்தால் 109தான். பாக்கி 60 எங்கே போயிற்று? பதிமூன்று அடிக்குப் பதிமூன்று அடி ஒரு கூடத்தைக் காகிதத்தில் வரைந்து, பத்து, மூன்று என்று இரு பக்கமும் கோடு போட்டால், பத்துக்கு மூன்றாக இரண்டு துண்டு தெரியும். முப்பதும் முப்பதும் அறுபது. ஒரு தடவை இதைக் கண்ணால் பார்த்த குழந்தை பிறகு மறப்பது அபூர்வம்.

என்னிடம் படித்த ஒரு பெண், அபாகஸ் வகுப்பில் பரிசெல்லாம் வாங்கியவள். மூன்று இலக்கப் பெருக்கலை மனசாலேயே போடுவாள். அவள்தான் அந்த ஐந்தில் இரண்டை எழுதினாள். "அரை தோசை சாப்பிட்டாய், மேலே மூன்றில் ஒரு பாகம் சாப்பிட்டாய். மொத்தம் அரை தோசைக்கு மேலா, கீழா?" என்று கேட்டேன். "மேலேதான் மிஸ்" என்றாள். "ஐந்தில் இரண்டு?" கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் சிரித்துவிட்டாள். வேகம் அவளுக்கு நிறைய இருந்தது. எழுதிய விடை எவ்வளவு பெரிசு என்று ஒரு நிமிஷம் நின்று பார்க்கும் பழக்கம்தான் இல்லை.

பாட்டிகளுக்கு இங்கே பெரிய வேலை இருக்கிறது. இட்லிக்கு நாலு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து. ஆறு டம்ளர் அரிசி போட்டால் எவ்வளவு உளுந்து என்று பேரனைக் கேளுங்கள். "மூணு" என்று பல குழந்தைகள் சொல்லும். அரிசியில் இரண்டு கூடியதால் உளுந்திலும் இரண்டைக் கூட்டிவிடுகிறது. விகிதம் என்பது கூட்டல் அல்ல, பெருக்கல் என்ற விஷயம் மனசில் பதியவில்லை. இந்தக் குழந்தைதான் வடிவொத்த முக்கோணத்தில் தடுமாறும், பிறகு முக்கோணவியலிலும் தடுமாறும். நாம் டிரிக்னாமெட்ரிக்கு டியூஷன் வைப்போம். குறை இருப்பதோ உளுந்தில்.

பாட்டிகள் அந்த மாவை மூன்று உளுந்து போட்டே ஒரு நாள் அரைத்துக் காட்டினாலும் தப்பில்லை. இட்லி என்ன கதியாகிறது என்று பேரனே பார்க்கட்டும்.

நாம் டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் நாக்பூரிலும் இருப்பதால், குழந்தைகள் கணக்கை இங்கிலீஷில்தான் படிக்கின்றன. அதனால் ஒரு குழப்பம் வருகிறது. "ஃபைவ் லெஸ் தேன் எக்ஸ்" என்றால் காதில் விழும் வரிசையிலேயே 5 கழித்தல் எக்ஸ் என்று எழுதிவிடுகிறார்கள். தமிழில் "எக்ஸை விட அஞ்சு குறைச்சல்" என்று சொல்லிப் பாருங்கள். எக்ஸ் முதலில் வருகிறது, கழிப்பது பின்னால் வருகிறது. எழுத வேண்டிய வரிசையும் அதுதான். பின்னமும் அப்படியே. இங்கிலீஷில் "டூ தேர்ட்ஸ்". நம் பாஷையில் "மூன்றில் இரண்டு". மூன்று பாகம் போடு, அதில் இரண்டை எடு என்று வாசகமே செய்முறையைச் சொல்லிவிடுகிறது. வீட்டில் தமிழ் பேசினால் குழந்தை ஸ்கூலில் பின்தங்கும் என்று பயப்படுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அடுத்தது நெகட்டிவ் எண்கள். "மைனஸும் மைனஸும் பிளஸ்" என்று மந்திரம் போல் சொல்லித் தருகிறோம். குழந்தை −3 − 5க்கு பிளஸ் 8 என்று எழுதுகிறது. அந்த விதி பெருக்கலுக்கு உரியது என்பது மந்திரத்தில் இல்லையே. −2 வாய்ப்பாட்டை மேலிருந்து கீழே எழுதச் சொல்லுங்கள். மூன்று தடவை −6, இரண்டு தடவை −4, ஒரு தடவை −2, பூஜ்யம் தடவை பூஜ்யம். ஒவ்வொரு படியிலும் இரண்டு ஏறுகிறது. அடுத்த படி −1 தடவை. அப்போது பிளஸ் 2 தானாக வந்து நிற்கும். இதில் மந்திரம் எங்கே இருக்கிறது?

வேதிக் மேத்ஸ் பற்றிச் சில மாமாக்கள் கேட்டார்கள். புரி சங்கராசாரியாராக விளங்கிய பாரதி கிருஷ்ண தீர்த்த ஸ்வாமிகளின் புத்தகம் 1965ல் வெளிவந்தது. அதிலுள்ள முறைகள் அழகானவை, மறுக்க மாட்டேன். ஆனால் அந்த சூத்திரங்களை வேத ஸம்ஹிதைகளில் தேடிய அறிஞர்களுக்கு அவை கிடைக்கவில்லை. அந்தப் பெருமையைப் பிடித்துக் கொள்ளாமல், முறையை எடுத்துக் கொண்டு "ஏன்" என்று கேட்கலாம். 98ஐ 97ஆல் பெருக்க, நூறுக்கு 2 குறைவு, 3 குறைவு. 98இல் 3 போக 95, இரண்டு மூன்று 06. விடை 9506. குழந்தைகள் கை தட்டும். கை தட்டியதும் உட்காரவைத்து, நூறு கழித்தல் 2, நூறு கழித்தல் 3 இரண்டையும் பெருக்கி விரித்துப் பார்க்கச் சொன்னால், ஒன்பதாம் வகுப்பு அல்ஜீப்ரா முழுவதும் அதற்குள் இருக்கும். பணம் கட்டிச் சேரும் வகுப்புகளில் பெரும்பாலும் கை தட்டலோடு நிறுத்திவிடுகிறார்கள்.

பெருமைதான் வேண்டுமென்றால் வேறு நல்ல இடம் இருக்கிறது. அபிவாதனம் சொல்லும்போது ஆபஸ்தம்ப சூத்ரம், போதாயன சூத்ரம் என்று வாய் நிறையச் சொல்கிறோம். அந்த இருவர் பெயரிலும் வேதி கட்டுவதற்கான சுல்ப சூத்திரங்கள் இருக்கின்றன. சுல்பம் என்றால் கயிறு. பைதாகரஸ் தேற்றம் என்று குழந்தை படிக்கிற மூலைவிட்ட விதி அவற்றில் இருக்கிறது. இரண்டின் வர்க்கமூலத்துக்கு அவை தருகிற பின்னம், இன்றைய கணக்கில் 577/408. ஐந்து தசம ஸ்தானம் வரை சரியாக இருக்கிறது. 2006ல் வந்த என்.சி.இ.ஆர்.டி. ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில்கூட இது உண்டு. உபநயனம் ஆன பையனிடம் பன்னிரண்டு சம பாகமாக முடிச்சுப் போட்ட கயிற்றைக் கொடுத்து, மூன்று, நாலு, ஐந்தாக இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். செங்கோணம் கையில் கிடைக்கும்.

கையால் செய்து காட்டுவது என்றதும் பி.கே. ஸ்ரீனிவாசன் அவர்களை நினைக்காமல் இருக்க முடியாது. சென்னை முத்தியால்பேட்டைப் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்தவர். ராமானுஜனைப் பற்றிய கடிதங்களையும் நினைவுகளையும் தேடித் தொகுத்து 1968ல் வெளியிட்டார். ராயபுரத்தில் ராமானுஜன் மியூசியம் அமைந்ததும் அவர் முயற்சியால். செலவில்லாத சாமான்களை வைத்தே கணக்கு சொல்லித் தந்தார்.

மத்திய சர்க்கார் உத்தியோகம், பாங்க் உத்தியோகம் என்று மாற்றலாகும் குடும்பங்களுக்கு ஒன்று சொல்கிறேன். வருஷ நடுவில் ஊர் மாறும்போது பழைய ஸ்கூலில் பின்னம் ஆரம்பிக்கவில்லை, புது ஸ்கூலில் அது முடிந்துவிட்டது. அந்த ஓட்டை மூன்று வருஷம் வெளியே தெரியாது, ஒன்பதாவதில்தான் தெரியும். டியூஷன் வாத்தியார் ஒன்பதாம் வகுப்புப் பாடத்தைத்தான் நடத்துவார். ஆறாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்து "இதை மூன்று வாரம் நடத்துங்கள்" என்று கேட்க நமக்கு வெட்கம். கேட்டால் ஒரு கோடை விடுமுறையில் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கடைசியாக, பல பேர் என்னிடம் தனியாகக் கேட்கிற கேள்வி. சி.பி.எஸ்.இ. 2019-20 கல்வியாண்டில் பத்தாம் வகுப்புக் கணிதத்துக்கு ஸ்டாண்டர்டு, பேசிக் என்று இரண்டு வகைத் தேர்வு கொண்டு வந்தது. பாடத்திட்டம் ஒன்றேதான். 80 மார்க் வினாத்தாளின் கடினம்தான் வேறு. மேலே கணிதம் படிக்க விரும்பாத குழந்தைகளின் பாரத்தைக் குறைப்பது நோக்கம். நம்மவர்களில் பலர் பேசிக் என்ற பெயரைக் கேட்டதும் ஜாதகத்தில் தோஷம் வந்த மாதிரி முகம் சுளித்தார்கள். சங்கீதமோ சட்டமோ படிக்கப் போகிற குழந்தைக்கு அதில் என்ன குறைச்சல்? அதே சமயம், "இதுக்கு வராது" என்று ஒன்பதாவதிலேயே முத்திரை குத்தி அதில் தள்ளுவதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முதலில் அந்தப் பின்னத்தையும் மைனஸையும் சரி பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பேசிக் எழுதியவர் பதினோராம் வகுப்பில் கணிதம் எடுப்பது பற்றிய விதியை வாரியம் சில வருஷங்களில் தளர்த்தியது. ஆகையால் அந்தந்த வருஷத்துச் சுற்றறிக்கையைப் பார்க்காமல் யார் பேச்சையும் நம்ப வேண்டாம், என் பேச்சையும் சேர்த்துத்தான். 2020-21ல் பதினோராம் வகுப்புக்கு அப்ளைடு மேத்தமேடிக்ஸ் என்று தனிப் பாடமும் வந்தது. காமர்ஸ், பொருளாதாரம் பக்கம் போகிற குழந்தைகளின் பெற்றோர் அதையும் விசாரியுங்கள்.

திருத்திய விடைத்தாளைக் கொண்டு வரும்படி அழைப்பிதழில் போட்டிருந்தார்கள். கொண்டு வந்தவர்கள் காபி முடிந்ததும் பின் வரிசைக்கு வரலாம். சிவப்பு மை அதிகமாக உள்ள தாளை முதலில் பார்க்கிறேன். அப்பா அம்மா இங்கேயே உட்கார்ந்திருக்கட்டும், குழந்தை மட்டும் வந்தால் போதும்.