பின்னணியில் நிற்பவரும் நம்மவரே
(வெள்ளிவிழாவையொட்டி இளைஞர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)

 

இம்மலருக்காக நம் மூத்தோரின் படங்களைத் தேடினோம். ஒரு நாட்கூலியை இழந்து ஸ்டூடியோவிற்குச் செல்ல இயலாத அவர்களுள் பலருக்குத் தனிப்படமே இல்லை. நெருக்கமான கூட்டத்திலிருந்து ஒருவரைப் பிரித்தெடுக்க வேண்டியதாயிற்று.

இதற்குக் கிம்ப் என்னும் மென்பொருள் போதும். 1996 முதல் இலவசமாகவே கிடைக்கிறது. முதலில் மூலப்படத்திற்கு ஒரு நகல் எடுங்கள். பாத் கருவியால் தோள், கை ஆகியவற்றின் விளிம்பில் புள்ளிகள் இட்டுக் கோடு வரைந்து, அதனைத் தேர்வாக மாற்றுங்கள். பின்னர் லேயர் மாஸ்க் என்னும் மறைப்புத் திரையை இடுங்கள். அத்திரையில் கறுப்புப் பூசிய இடம் மறையும். வெள்ளை பூசினால் மீண்டும் தோன்றும். தலைமயிரின் ஓரத்தில் மென்மையான தூரிகையால் சாம்பல் நிறம் பூசினால், கத்தரியால் வெட்டியது போன்ற முரட்டு விளிம்பு வாராது. எக்ஸ்சிஎஃப் வடிவில் சேமித்தால் திரையும் படமும் அப்படியே இருக்கும்.

அழிப்பானால் அழித்துச் சேமித்துவிட்டால் மீளாது. ஆகவே அதனை வேண்டா என்கிறோம். நம் நிறுவனரின் படமொன்றில் ஓலைக்கொட்டகையும், சிலேட்டு ஏந்திய சிறுமியரும், வாயிலில் நிற்கும் தாய்மாரும் உள்ளனர். 'அலங்கோலமான பின்னணி' என்றார் ஓர் இளைஞர். அக்கொட்டகையே நம் முதற்பள்ளி! அத்தாய்மாரின் முகங்களுக்கு வேறு சான்றே நம்மிடம் இல்லை.

முகப்பிற்கு நிறுவனரைத் தனியே பிரித்தெடுப்போம். உள்ளே முழுப்படத்தையும் பெயர்களுடன் அச்சிடுவோம். பெயர் சொல்லக்கூடிய முதியோர் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.