வெள்ளை மீனின் சுவை



பொழுது சாயும் வேளையில் நம் வீடுகளில் வழக்கமாக எழும் வினா ஒன்று உண்டு. "இன்றிரவு என்ன கறி?" என்பதே அது. மீன் என்று விடை வந்தால் முகங்கள் மலரும். ஆனால், மிளகாய்த்தூள் இடாத வெள்ளைக்கறி என்று அடுத்த சொல் வந்ததும், மலர்ந்த முகங்களுட் சில வாடிவிடும். விளை, ஒட்டி, கொடுவா, கலவாய் முதலிய வெண்தசை மீன்களைத் தூள் சேர்த்துக் குழம்பாக்கினாலன்றி அவற்றுக்குச் சுவையில்லை என்பது நம்மவர் பலரது எண்ணம். அந்த எண்ணம் சரியானதா என்பதையே இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

இது எனக்கு ஏட்டறிவால் எழுந்த வினாவன்று. பல ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் தகப்பனார் நெருப்புக் காய்ச்சலில் வீழ்ந்து, ஒருவாறு தேறிப் பாயில் எழுந்து உட்காரும் நிலைக்கு வந்திருந்தார். சில வாரங்களுக்குத் தூளும் பொரியலும் ஆகா. மெதுவான உணவாகக் கொடுங்கள். மீன் கொடுக்கலாம் என்று வைத்தியர் கூறிச் சென்றார். நாங்களும் நல்ல விளைமீன் வாங்கி, உப்பு நீரில் அவித்து, சோற்றோடு வைத்தோம். முதல் நாள் இரண்டு வாய் உண்டார். இரண்டாம் நாள் ஒரு வாய். மூன்றாம் நாள் கோப்பையைக் கையாற் சற்றே நகர்த்திவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் கோபித்திருந்தால்கூட எங்களுக்கு ஆறுதலாயிருந்திருக்கும். ஒன்றும் பேசாமல் திரும்பிப் படுத்ததுதான் அம்மாவைக் கலங்கச் செய்தது. உடல் தேற வேண்டுமாயின் உண்ண வேண்டும். உண்ண வேண்டுமாயின் நாக்கு இணங்க வேண்டுமல்லவா?

நான்காம் நாள் தகப்பனாரின் தமக்கையாராகிய மாமி ஊரிலிருந்து வந்து சேர்ந்தார். மிஞ்சிக் கிடந்த மீனில் ஒரு துண்டைக் கிள்ளி வாயில் இட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "பிள்ளை, இந்த மீனுக்கு உப்பு எப்போது போட்டாய்?" என்று கேட்டார். கொதிக்கிற தண்ணீரிற் போட்டேன் என்றேன். "எவ்வளவு நேரம் கொதித்தது?" என்று அடுத்த வினா. அரை மணி நேரம் இருக்கும் என்றேன். "அப்படியென்றால் மீனின் சுவை முழுவதையும் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு, சக்கையைத் தம்பிக்குக் கொடுத்திருக்கிறாய்" என்றார். அவர் சொல்லிற் கண்டிப்பு இருந்தது. ஆயினும் உண்மை அதைவிட அதிகம் இருந்தது.

வெண்தசை மீன் ஏன் மென்சுவை உடையதாயிருக்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்வோம். சூரை போன்ற மீன்கள் ஓயாது நீந்துபவை. நெடுந்தூரம் ஓடுவதற்கு அவற்றின் தசைக்கு இடையறாது உயிர்வாயு வேண்டும். அதனைச் சேர்த்து வைக்கும் செந்நிறப் பொருள் அத்தசையில் மிகுதி. ஆகவே அதன் நிறம் சிவப்பு, சுவையும் கடுமை. விளையும் கலவாயும் அவ்வாறானவை அல்ல. பாறையோரங்களில் ஒதுங்கியிருந்து, இரை கண்டபோது ஒரு பாய்ச்சல் பாய்பவை அவை. அவற்றின் தசையில் அந்தச் செந்நிறப் பொருளும் கொழுப்பும் குறைவு. எனவே நிறம் வெண்மை, சுவை மென்மை. மென்மையான சுவையை இல்லாத சுவை என்று நாம் எண்ணிவிடுகிறோம். மெல்லப் பேசுகின்றவரை ஊமை என்று கொள்வது போன்ற தவறு அது.

இந்த மென்சுவையைக் காக்கவும் வளர்க்கவும் மாமி செய்தவை நான்கு காரியங்கள். அவற்றை ஒவ்வொன்றாகக் கூறுகிறேன். அவற்றின் காரணங்களை நான் பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன்.

முதலாவது, உப்பிடும் காலம். மீனைக் கழுவி, நீரை நன்றாக வடித்து, சுத்தமான துணியால் ஒற்றி எடுத்தல் வேண்டும். பின்னர் 500 கிராம் மீனுக்கு ஒரு தேக்கரண்டி உப்பும் கால் தேக்கரண்டி மஞ்சளும் பூசி, 15 நிமிடம் வைத்தல் வேண்டும். உப்பு தசையினுள் இறங்கிச் சுவையூட்டுவதோடு, தசையிலுள்ள புரதத்தைச் சற்றே இளக்கி, வேகும்போது நீர் வெளியேறாதபடி பிடித்து வைக்கிறது. கொதிக்கும் நீரில் உப்பிட்டால் நீர்தான் உவர்க்கும். மீனின் உள்ளே உப்புச் சேருமுன் அது வெந்து முடிந்துவிடும். முன்னரே உப்பிட்ட மீனுக்குச் சட்டியில் இடும் உப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இரண்டாவது, புளிப்பு. கடல் மீனின் தசையில் இயற்கையாகவே உள்ள ஒரு பொருள், மீன் இறந்த பின்னர் நுண்ணுயிர்களால் மாற்றமுற்று, நாம் வெடில் என்று முகஞ்சுளிக்கும் மணத்தைத் தருகிறது. புளிப்புப் பட்டதும் அந்த மணப்பொருள் காற்றில் எழாதபடி கட்டுண்டுவிடும். தேசிக்காயும் பழப்புளியும் மாங்காயும் மீன்கறியில் இடம்பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம். தெற்கே சிங்கள மக்கள் கொறுக்காய்ப்புளி சேர்த்து அம்புல் தியல் ஆக்குவதையும் எண்ணிப் பாருங்கள். ஆயினும், கெட்டுப்போன மீனைப் புளி நல்ல மீனாக்கிவிடாது. கண் தெளிந்து, செவுள் சிவந்து, விரலால் அழுத்திய இடம் உடனே நிமிர்ந்து வருகின்ற மீனையே வாங்குதல் வேண்டும்.

மூன்றாவது, தேங்காய்ப்பால். வெங்காயம், உள்ளி, கறிவேப்பிலை, வெந்தயம் ஆகியவற்றின் மணப்பொருள்களுட் பல, நீரிற் கரைவதைக் காட்டிலும் கொழுப்பில் நன்றாகக் கரைகின்றன. வெண்தசை மீனில் இல்லாத கொழுப்பைத் தேங்காய்ப்பால் கொடுக்கிறது. அந்தக் கொழுப்பு மணங்களைச் சுமந்து வந்து நாவிற் சேர்க்கிறது. வெறும் நீரில் இவற்றை அவித்தால் மணம் ஆவியோடு அடுக்களையை நிரப்புமேயன்றி, உண்பவருக்கு அதிகம் எட்டாது.

நான்காவது, நெருப்பை அறிதல். நான்கினுள்ளும் இதுவே தலையாயது என்பேன். மீனின் உடலைத் தண்ணீர் தாங்குவதால், நிலத்தில் நடக்கும் விலங்குகளுக்கு உள்ளது போன்ற வலிய நார் அதற்கு வேண்டியதில்லை. அதன் தசை ஏறத்தாழ 60 பாகை செல்சியசு வெப்பத்திலேயே வெந்து இதழ் இதழாகப் பிரியத் தொடங்கிவிடும். நாமோ 100 பாகையில் அரை மணி நேரம் கொதிக்க விடுகிறோம். இறைச்சிக்குரிய பொறுமையை மீனிடம் காட்டினால், மீன் பஞ்சாகிவிடும்.

இனி, அன்று மாமி காய்ச்சிய மீன் சொதியின் முறையைக் கூறுகிறேன். நால்வருக்கு 500 கிராம் மீன் போதும். மீனின் தலையையும் நடுமுள்ளையும் எறிந்துவிடாதீர்கள். அவற்றிலும் சுவை உண்டு. பாதித் தேங்காயைத் துருவி, முதற்பால் ஒரு கோப்பையும் இரண்டாம் பால் இரண்டு கோப்பையும் பிழிந்து வேறுவேறாக வைத்துக்கொள்ளுங்கள். மண்சட்டியில் இரண்டாம் பாலை ஊற்றி, அதனுள் தலையையும் முள்ளையும் இட்டு, சின்ன வெங்காயம் 10, உள்ளி 3 பல்லு, வெந்தயம் அரைத் தேக்கரண்டி, கறிவேப்பிலை ஒரு நெட்டு ஆகியவற்றைச் சேர்த்து, மெல்லிய நெருப்பில் 10 நிமிடம் காய்ச்சுங்கள். வீட்டில் நோயாளி இல்லையாயின் கீறிய பச்சை மிளகாய் இரண்டும் சேர்க்கலாம். வெங்காயம் மெதுவானதும் தலையையும் முள்ளையும் எடுத்துவிட்டு, உப்பும் மஞ்சளும் பூசிய துண்டுகளைப் பக்குவமாக இறக்குங்கள். மீன் இட்டபின் அகப்பையாற் கிளறுதல் ஆகாது. சட்டியைத் துணியாற் பிடித்து மெல்லச் சுழற்றினாற் போதும்.

துண்டின் பருமனைப் பொறுத்து ஐந்தாறு நிமிடத்தில் மீன் வெந்துவிடும். நடுப்பகுதி கண்ணாடித் தன்மை மாறி வெண்மையாகி, இலேசாக நெருடியதும் பிரிந்தால் அதுவே பதம். அப்போது முதற்பாலை ஊற்றி, ஓரங்களில் நுரை கூடி எழும் தருணத்தில் இறக்கிவிடுங்கள். கொதிக்கவிட்டால் பால் திரைந்துபோகும். இறக்கிச் சற்று ஆறிய பின்னரே தேசிக்காய்ப் புளி விடுதல் வேண்டும். அடுப்பில் இருக்கும்போது விட்டால் பாலும் திரையும், புளியும் கைக்கும். பாதித் தேசிக்காய் போதும். சுவைத்துப் பார்த்து விடுங்கள்.

நகரத்தில் வாழும் நேயர்கள் சிலர், எங்களுக்குத் தலையும் முள்ளுமா கிடைக்கின்றன, தோல் நீக்கி உறையவைத்த துண்டுகள்தானே கிடைக்கின்றன என்று கூறக்கூடும். அதற்கும் வழியுண்டு. உறைந்த மீனைக் காலையிலேயே குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து மெல்ல இளகவிட்டு, ஊறும் நீரை முற்றாக ஒற்றி எடுத்து, அதன்பின் உப்பிடுங்கள். தலையும் முள்ளும் தரும் சுவைக்கு ஈடாக அரைத் தேக்கரண்டி மாசித்தூளை இரண்டாம் பாலில் இட்டுக் காய்ச்சுங்கள். மாசியும் மீன்தான். சூரை இன மீனை அவித்து, புகையிலிட்டு, உலர்த்துவதனால் அதன் சுவை சிறிய அளவினுள் திரண்டுவிடுகிறது. 1343 ஆம் ஆண்டில் மாலைதீவை அடைந்த இபுன் பத்தூத்தா என்னும் யாத்திரிகர், அங்குள்ளோர் இவ்வாறு மீனைப் பதப்படுத்திப் பிற நாடுகளுக்கு அனுப்பியதைக் குறித்து வைத்திருக்கிறார். மாசி அத்துணை நாள் பழகிய பொருள். மெல்லிய சுவையுள்ள மீனுக்கு அதன் உறவான வலிய மீன் ஒரு சிட்டிகை துணை நிற்பது எத்துணை பொருத்தம்!

பொரித்தே உண்ண விரும்புவோருக்கும் ஒரு சொல். உப்பும் மஞ்சளும் மிளகுத்தூளும் பூசி வைத்த மீனை, தாச்சியில் இடுமுன் மறுபடியும் ஒற்றி எடுங்கள். மேற்பரப்பில் நீர் உள்ளவரையில் அது கொதிநீரின் வெப்பத்தைத் தாண்டாது. பொன்னிறமும் பொரியல் மணமும் அதனிலும் மிக்க வெப்பத்திலேதான் தோன்றும். ஈர மீனை ஆறிய எண்ணெயில் இட்டால் அது பொரியாமல் அவியும்; சட்டியிலும் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் நன்றாகக் காய்ந்த பின்னர் தோற்பக்கத்தை முதலில் வைத்து, தானாக விட்டு வரும்வரை பொறுத்திருந்து, ஒரு முறை மாத்திரம் புரட்டுங்கள். தேசிக்காயைச் சாப்பிடும்போது பிழிந்துகொள்ளலாம்.

ஒரே வீட்டில் உறைப்பு விரும்புவோரும் ஆகாதவரும் இருந்தால் இரண்டு கறி ஆக்க வேண்டியதில்லை. சொதியை இறக்கியதும் ஆகாதவருக்கு வேண்டியதை எடுத்து வையுங்கள். மிகுதிக்கு, வெட்டிய செத்தல் மிளகாயும் நற்சீரகமும் கறிவேப்பிலையும் சேர்த்துத் தாளித்துக் கொட்டினாற் போதும். அடுப்பு ஒன்று, சட்டி ஒன்று. வீட்டார் அனைவரும் ஒரே பந்தியில் அமரலாம்.

நேயர்களே, அன்றிரவு மாமி இடியப்பத்தை உதிர்த்து, அதன்மேல் சொதியை ஊற்றி, முள் நீக்கிய மீன் இதழ்களை வைத்துத் தகப்பனார் முன் கொண்டுபோனார். "தம்பி, மணத்தைப் பார், பிறகு வேண்டாம் என்று சொல்" என்றார். தகப்பனார் எழுந்து உட்கார்ந்தார். முதல் வாயை உண்டுவிட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தார். நாங்கள் கதவோரம் நின்றோம். இரண்டாவது இடியப்பம் முடிந்தபோது தலை நிமிராமலே, "இன்னும் சொதி இருக்கிறதா?" என்று கேட்டார். அம்மா ஒன்றும் சொல்லாமல் சட்டியை எடுத்துவர உள்ளே போனார். அவர் திரும்பி வருவதற்குச் சற்று நேரம் பிடித்தது.

நோயாளிக்கும் முதியோருக்கும் குழந்தைகளுக்கும் உணவாக்கும்போது, அது அவர்களின் உடலுக்கு ஆகுமா என்று மட்டுமே பெரும்பாலும் எண்ணுகிறோம். நாவுக்கு ஆகுமா என்று எண்ணுவதில்லை. அவர்கள் கோப்பையை நகர்த்தினால், பசியில்லை என்று முடிவு செய்துவிடுகிறோம். நோயாளியின் நாக்கும் நாக்குத்தான். தூளை விலக்கச் சொன்ன வைத்தியர் சுவையை விலக்கச் சொல்லவில்லை. அவர் விலக்கச் சொன்ன பொருள்களைக் கேட்டு விலக்கிவிட்டு, எஞ்சியவற்றைக் கொண்டு சுவை சமைப்பது நம் பொறுப்பு.

இன்று மாலை உங்கள் வீட்டுக்கு வெள்ளை மீன் வந்திருக்குமாயின், அடுப்பை மூட்டுவதற்கு 15 நிமிடம் முன்னதாக அதற்கு உப்பிட்டு வையுங்கள். இறக்க வேண்டிய நேரத்துக்கு முன்னரே சட்டிக்கு அருகில் நில்லுங்கள். மற்றவற்றை மீன் பார்த்துக்கொள்ளும்.