மருதோண்டி சிவக்கும், கறுக்காது
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



பெண்களின் ஆரோக்கியம் பற்றி ஏதாவது பேசும்படி சங்கத்தினர் கேட்டார்கள். நீரிழிவு, இரத்த அழுத்தம் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். நான் நரையைப் பற்றிப் பேசப் போகிறேன். கிளினிக்கில் மருந்தெல்லாம் எழுதி முடிந்தபின், கதவடியில் நின்று பெண்கள் மெல்லிய குரலில் கேட்கும் கேள்வி இது: "டொக்டர், தலைக்கு டை அடிக்கப் பயமாக இருக்கிறது. மருதோண்டி பூசலாமா? அது இயற்கைதானே?"

தாராளமாகப் பூசலாம். ஆனால் பெட்டிக்குள் இருப்பது மருதோண்டிதானா என்பதை முதலில் பார்க்க வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

முடியின் வேரில் மெலனின் என்ற நிறப்பொருளைச் செய்யும் கலங்கள் இருக்கின்றன. வயது போகப் போக அவை குறைகின்றன. அதன்பின் வளரும் முடி நிறமில்லாமலே வெளியே வருகிறது. அது எந்த வயதில் தொடங்கும் என்பதைப் பெரும்பாலும் பரம்பரை தீர்மானிக்கிறது. 25 வயதுக்கு முன்பே நரை பரவினால் தைரொயிட்டையும் விற்றமின் பி12 அளவையும் ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நல்லது. முட்டை, பால்கூடச் சேர்க்காத மரக்கறிக்காரருக்கு பி12 குறைய வாய்ப்பு அதிகம். நாற்பதில் வரும் நரைக்கு மருந்து தேடி அலையத் தேவையில்லை.

மருதோண்டி இலையில் லோசோன் என்ற சாயப்பொருள் இருக்கிறது. உலர்ந்த இலையில் ஏறத்தாழ 1 சதவீதம். அது கெரட்டின் என்ற புரதத்தோடு இறுக ஒட்டிக்கொள்ளும். உள்ளங்கைத் தோல், நகம், முடி மூன்றிலும் இருப்பது அந்தக் கெரட்டின்தான். நகத்தில் ஏறிய சிவப்பு நகம் வளர்ந்து வெட்டுப்படும் வரை போகாததை நாங்கள் எல்லோரும் சின்ன வயதிலேயே கண்டிருக்கிறோம். தலையிலும் அப்படித்தான்.

லோசோனின் நிறம் செம்மஞ்சள். கிழக்கிலும் புத்தளத்திலும் முஸ்லிம் பெரியவர்களின் மருதோண்டி பூசிய தாடியைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளை முடியில் அசல் மருதோண்டி தரும் நிறம் அதுதான். கறுப்பு முடியில் வெயில் பட்டால் மட்டும் ஒரு செம்மை தெரியும். மருதோண்டி தனியாக ஒருபோதும் முடியைக் கறுப்பாக்காது. அப்படியென்றால் "கறுப்பு மருதோண்டி", "பிளாக் ஹெனா" என்ற பெயரில் விற்கும் தூள் அரை மணித்தியாலத்தில் எப்படிக் கறுப்பாக்குகிறது?

அநேகமாக அதற்குள் பரா-பெனிலீன்டைஅமைன் இருக்கும். சுருக்கமாக பி.பி.டி. என்பார்கள். சாதாரண இரசாயன டைகளில் இருக்கும் அதே பொருள். நீங்கள் எதற்குப் பயந்து டையை விட்டீர்களோ, அதுவே இலைப் படம் போட்ட பெட்டியில் திரும்பி வருகிறது.

மகளின் கலியாணத்துக்கு இரண்டு நாள் முன்பு இப்படியொரு தூளைப் பூசிய தாய் ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். முதலில் தலை கடித்தது. அடுத்த நாள் நெற்றியும் காதும் வீங்கின. கலியாணத்தன்று கண் இரண்டையும் திறக்க முடியவில்லை. "போன வருசமும் இதைத்தானே பூசினேன்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். பி.பி.டி. ஒவ்வாமையின் இயல்பே அதுதான். முதலில் சில முறை உடல் பேசாமல் இருக்கும். ஒருமுறை அதை எதிரியாக அடையாளம் கண்டுவிட்டால் அநேகமாக ஆயுள் முழுதும் மறக்காது.

அதனால் பிள்ளைகளைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. பெருநாளுக்கும் கலியாணத்துக்கும் கையில் கறுப்பாகப் போட்டுவிடும் கோலங்களில் பி.பி.டி. செறிவாக இருக்கலாம். எட்டு வயதில் கையில் கொப்புளம் போட்ட பிள்ளை, இருபத்தைந்து வயதில் முதல்முறை டை அடிக்கும்போது வைத்தியசாலை விடுதிக்கு வர நேரிடலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் தலைக்குப் பூசும் கலவையில் பி.பி.டி. 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தோலில் பூசும் பொருளில் அது இருக்கவே கூடாது. ஆனால் சட்டம் இருந்தாலும், லண்டனிலோ ரொறன்ரோவிலோ கடைத்தட்டில் இருக்கும் ஒவ்வொரு பெட்டியையும் யாரும் திறந்து பார்ப்பதில்லை.

ஆகவே பெட்டியை நாங்களே வாசிக்க வேண்டும். எங்கள் இரசாயனவியல் ஆய்வுகூடத்தில் லேபலை வாசிக்காமல் ஒரு போத்தலைத் தொட விடுவார்களா? லோசோனியா இனேர்மிஸ் என்று மட்டும் இருந்தால் அது மருதோண்டி. இண்டிகோபெரா டிங்க்டோரியா என்றால் அவுரி. பெனிலீன்டைஅமைன், டொலுவீன்டைஅமைன் என்ற சொற்கள் இருந்தால் அது டை. உள்ளடக்கமே எழுதியிராவிட்டால் வாங்காதீர்கள். தூளின் நிறத்தையும் பாருங்கள். அசல் தூள் பச்சை கலந்த மண்ணிறமாக, காய்ந்த புல் மணத்தோடு இருக்கும். கறுப்பாக இருக்காது.

பூசும் முறையையும் சொல்லிவிடுகிறேன். தூளை இளஞ்சூடான தேயிலைச் சாயத்தில் குழைத்துச் சில மணித்தியாலம் மூடி வையுங்கள். தேசிக்காய்ப் புளி அதிகம் விட்டால் தலைத்தோல் வறண்டு எரியும். பூசி இரண்டு, மூன்று மணித்தியாலம் விட்டுக் கழுவுங்கள். நிறம் முதல்நாள் பளிச்சென்று இருந்து, இரண்டு நாளில் ஆழமாகும். செம்மை வேண்டாம் என்பவர்கள், கழுவியபின் அவுரித் தூளைத் தண்ணீரில் கலந்து உடனேயே பூசலாம். கடும் மண்ணிறமோ கறுப்போ கிடைக்கும். இரண்டு வேலை, அரை நாள் போகும். முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் வளர்வதால் ஐந்து, ஆறு கிழமையில் வேர்ப்பக்கம் மட்டும் திரும்பப் பூச வேண்டியிருக்கும்.

எதைப் பூசினாலும் முழங்கை மடிப்பில் சிறிது தடவி 48 மணித்தியாலம் பாருங்கள். முன்பு கறுப்புக் கோலத்துக்கோ டைக்கோ கொப்புளம் போட்டவர்கள் இந்தச் சோதனையைக்கூட வீட்டில் செய்ய வேண்டாம். தோல் வைத்தியரிடம் போங்கள். ஜி6பிடி நொதியக் குறைபாடு உள்ளவர்களில் அசல் மருதோண்டியே செங்குருதிக் கலங்களைச் சிதைக்கக்கூடும். இது பச்சைக் குழந்தைகளுக்கு மிக ஆபத்து. குழந்தையின் காலில் அழகுக்கென்று பூசாதீர்கள்.

நரையை அப்படியே விட்டு வந்திருக்கும் அக்காமார் பலரை இந்த மண்டபத்தில் பார்க்கிறேன். பூசியிருப்பவர்களையும் பார்க்கிறேன். இரண்டும் அவரவர் விருப்பம். இதில் வைத்தியருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. தெரிந்து பூசுங்கள் என்பது மட்டுமே என் வேண்டுகோள். "முழுக்க இயற்கை" என்று வகுப்பு வட்ஸ்அப் குழுவில் ஒரு பெட்டியின் படம் வந்தால், அதன் பின்பக்கத்தையும் படமெடுத்துப் போடச் சொல்லிக் கேளுங்கள். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் உங்கள் குளியலறை அலுமாரியில் இருக்கும் பெட்டியையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.